மேலே எப்போதும் மணிதான்

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் இப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ரெண்டு ஆமையும் ஒண்ணாத்தானே இருந்துச்சு, ஏன் பிரிச்சீங்க?" கூடத்தில் ஒரு தொட்டி, உள்ளறையில் ஒரு தொட்டி. உள்ளறைக்குப் போகிறவர்கள் முத்துவின் தொட்டி முன்னால் குனிந்து, "பாவம், தனியா இருக்கியே" என்று அதனிடமே சொல்லிவிட்டு வருகிறார்கள். ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் "சண்டை போட்டுக்கிச்சுங்க" என்று சுருக்கிக்கொண்டேன். ஒவ்வொரு முறை அப்படிச் சொல்லும்போதும் உறுத்துகிறது, ஏனென்றால் அது உண்மை இல்லை. சண்டை என்றால் இரண்டு பக்கமும் கை ஓங்க வேண்டும். எங்கள் தொட்டியில் 3 வருடமாக ஓங்கியது ஒரு கைதான். அது எங்கள் கண் முன்னால் நடந்தது, நாங்கள் அதைப் பாசம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். இந்த நினைப்பு என்னை விடாததால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இரண்டும் சிவப்புக் காது ஆமைகள். ரெட் இயர்டு ஸ்லைடர் என்றால் வளர்ப்பவர்களுக்கு உடனே புரியும். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு, வெளிர் மஞ்சள் வரிகள், பச்சை ஓடு. வந்தபோது இரண்டும் என் மகளின் உள்ளங்கையில் பக்கத்துப் பக்கத்தில் அடங்கின. ஓடு 4 செ.மீ. கூட இருக்காது. ஒன்றுக்கு மூக்கு நுனியில் ஒரு கரும்புள்ளி இருந்தது, அது மணி. புள்ளி இல்லாதது முத்து. அந்தப் புள்ளி மட்டும் இல்லையென்றால் எது எது என்று எங்களுக்கே தெரிந்திருக்காது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: ஒரே அளவில் வந்த இரண்டு குட்டிகள். மூன்றாவது வருட முடிவில் மணியின் ஓடு 13 செ.மீ., முத்துவின் ஓடு பத்தரை செ.மீ. எடை போட்டுப் பார்த்தபோது மணி 370 கிராம், முத்து 190. "சிலது அப்படித்தான், நோஞ்சானா வளரும்" என்று சொன்னார்கள், நாங்களும் ஒப்புக்கொண்டோம். ஒரே தண்ணீர், ஒரே தீனி, ஒரே வெளிச்சம், அப்படியும் ஒன்று மற்றதில் பாதி எடைதான் என்றால் ஏன் என்று ஒரு நாளாவது கேட்டிருக்க வேண்டும்.

குட்டியாக வாங்கியதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அந்த அளவில் ஆணா பெண்ணா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. இந்த ஆமைகளுக்கு ஆண், பெண் என்பது முட்டை இருந்த சூட்டைப் பொறுத்தது. 26 டிகிரி வாக்கில் இருந்தால் ஆண், 31 டிகிரி வாக்கில் இருந்தால் பெண். ஒரே சூட்டில் பொரித்தவை என்றால் ஜோடியாக வாங்கும் இரண்டும் ஆணாகவே இருந்துவிடலாம். ஓடு 10 செ.மீ. ஆகும் சமயத்தில்தான் ஆணுக்கு முன்னங்கால் நகங்கள் ஊசி போல நீளும், வாலும் தடித்து நீளும். அமெரிக்காவில் 10 செ.மீ.க்குக் குறைந்த ஓடு உள்ள ஆமைகளை வளர்ப்புக்கு விற்கக் கூடாது என்று 1975-இல் தடை போட்டார்கள். குழந்தைகள் குட்டி ஆமைகளைக் கையாண்டு சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி தொற்றிக்கொண்டதுதான் காரணம், நடத்தைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் அந்த 10 செ.மீ. கணக்கைப் படித்தபோது மனதுக்குள் ஒன்று தோன்றியது. அந்த அளவுக்கு வளர்ந்த பிறகு வாங்கியிருந்தால் நகத்தையும் வாலையும் பார்த்தே தெரிந்திருக்கும், இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் போடுகிறோம் என்று.

நாங்கள் பார்த்ததைச் சொல்கிறேன். தொட்டியில் வெயில் காய ஒரு மேடை, மேலே சூட்டு விளக்கு, பக்கத்தில் வெயிலில் இருக்கிற மாதிரி புற ஊதாக் கதிர் தரும் யுவிபி பல்பு. முத்து ஏறி உட்கார்ந்ததும் கொஞ்ச நேரத்தில் மணியும் ஏறும். ஏறி, முத்துவின் முதுகின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒன்றின் மேல் ஒன்று, அடுக்கி வைத்த மாதிரி. பார்க்கிறவர்கள் எல்லோரும் "ஐயோ, எவ்வளவு ஒட்டுதல்!" என்பார்கள். இன்னொன்றும் உண்டு. தண்ணீருக்குள் மணி முத்துவுக்கு நேர் எதிரே வந்து, முன்னங்கால் இரண்டையும் நீட்டி, உள்ளங்கைகள் வெளிப்பக்கம் பார்க்க, நீண்ட நகங்களை முத்துவின் முகத்துக்குப் பக்கத்தில் படபடவென்று நடுக்கும். என் மகள் அதற்கு "கன்னத்தைத் தடவறது" என்று பேர் வைத்திருந்தாள். நாங்கள் எல்லோரும் அதையே சொன்னோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

அன்று காலை தீனி போடப் போனபோது தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. ஃபில்டரில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் கையை விட்டேன். முத்து மேடையின் அடியில், ஃபில்டர் குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த இடுக்கில் தலையைத் திணித்துக்கொண்டு, பின்பக்கத்தை மட்டும் வெளியே விட்டிருந்தது. தூக்கினேன். வால் நுனி இல்லை. நுனி இருந்த இடத்தில் ஒரு அரிசி நீளத்துக்குத் தோல் உரிந்து, உள்ளே இளஞ்சிவப்பாகச் சதை தெரிந்தது. பின்னங்கால் சவ்வில் ஒரு கிழிசல். கழுத்தின் மடிப்பில் இரண்டு பழைய தழும்புகள், ஆறி வெளுத்துப் போனவை. அந்தப் பழைய தழும்புகளைப் பார்த்ததும்தான் வயிற்றைப் பிசைந்தது. புதுக் காயம் நேற்று ராத்திரி நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். பழைய தழும்புக்கு என்ன சொல்வது? எத்தனையோ முறை கையில் எடுத்திருக்கிறேன், ஓட்டைத் துடைத்திருக்கிறேன், கழுத்தை நீட்ட வைத்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஆமைக்குப் பல் கிடையாது. ஆனால் அந்த அலகின் விளிம்பு நகவெட்டி போல வெட்டும். ஆண் ஆமையின் வாலுக்குள்தான் கழிவு வாயும் இனப்பெருக்க உறுப்பும் இருக்கின்றன, அதனால் வாலில் விழும் கடி கொஞ்சம் மேலே தள்ளி விழுந்திருந்தால் கதையே வேறு. இதெல்லாம் டாக்டர் சொல்லித்தான் தெரியும். ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் அவர். காயத்தைக் கழுவி, முன்பக்கத் தோள் சதையில் ஊசி போட்டார். பின்பக்கத்தில் போட்டால் அங்கிருந்து வரும் ரத்தம் முதலில் சிறுநீரகத்துக்குப் போகக்கூடிய அமைப்பு ஊர்வனவற்றுக்கு உண்டு, அதனால்தான் முன்பக்கம் என்று விளக்கினார். வீட்டில் செய்ய வேண்டியதையும் சொன்னார். புண் கழுவும் மருந்தான போவிடோன் அயோடினை நீர்த்த டீ நிறத்துக்குத் தண்ணீரில் கலந்து காயத்தைக் கழுவ வேண்டும். உலர்ந்த பெட்டியில், துணி விரித்து, 27-28 டிகிரி சூட்டில் வைக்க வேண்டும். காலையும் மாலையும் ஒரு மணி நேரம் சுத்தமான தண்ணீரில் விட வேண்டும், ஏனென்றால் இந்த ஆமைகள் தண்ணீருக்குள் இருந்தால்தான் விழுங்கும், வெளியே வைத்து ஊட்டி விட முடியாது. வெள்ளையாகப் பனீர் மாதிரி ஏதாவது திரண்டால் உடனே கொண்டு வரச் சொன்னார். ஆமைக்குச் சீழ் ஒழுகாதாம், கெட்டியாகத்தான் திரளுமாம்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, போகிற போக்கில் ஒன்று கேட்டார். "இது எத்தனை நாளா நடக்குது? பழைய போட்டோ ஏதாவது இருந்தா பாருங்க. ஓடு வளர்ந்த விதம் தெரியும்."

31 படங்கள்

அன்று இரவு முத்துவின் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனில் பழைய படங்களைத் தேட ஆரம்பித்தேன். ஓட்டின் வளர்ச்சியைப் பார்க்கத்தான் ஆரம்பித்தது. 3 வருடப் படங்கள், நிறைய இருந்தன. மேடையில் ஒன்றின் மேல் ஒன்று இருக்கும் படம்தான் எங்கள் எல்லோருக்கும் பிடித்தது என்பதால் அதுவே அதிகம். ஒன்றைப் பார்த்தேன், மேலே மணி. அடுத்தது, மேலே மணி. முதலில் அதைக் கவனிக்கவில்லை. ஆறேழு படம் தாண்டிய பிறகு விரல் நின்றது. திரும்ப முதலிலிருந்து வந்தேன், இந்த முறை மூக்குப் புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டு. 31 படங்கள். 31-இலும் மேலே மணிதான். நாணயம் அளவில் இருந்தபோதும் மணி, வளர்ந்த பிறகும் மணி. ஒட்டுதல் என்றால் ஒரு தரமாவது முத்து மேலே ஏறி இருக்க வேண்டாமா?

அடுத்து, அந்தப் படங்களில் கீழே இருந்ததைப் பார்த்தேன். ஒரு படத்தில்கூட முத்துவின் கழுத்து வெளியே நீளவில்லை. கால்கள் ஓட்டுக்குள் இழுத்திருக்கின்றன. சூட்டு விளக்கின் வெளிச்சம் முழுக்க மணியின் முதுகில். மணியின் நிழல் முத்துவின் மேல். ஆமை வெயில் காய்வது சுகத்துக்காக மட்டும் இல்லை. 32-லிருந்து 35 டிகிரி சூடு உடம்பில் ஏறினால்தான் தின்றது செரிக்கும், யுவிபி பட்டால்தான் உடம்பில் டி வைட்டமின் உண்டாகி ஓட்டுக்கும் எலும்புக்கும் கால்சியம் சேரும். தினமும் மணிக்கணக்கில் கிடைக்க வேண்டிய அந்த வெளிச்சம் முத்துவுக்கு மூடி வைக்கப்பட்டிருந்தது, வேறொரு ஆமையின் உடம்பால். காட்டு ஆறுகளில் ஒரு கட்டையின் மேல் பத்துப் பன்னிரண்டு ஆமைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் அது பாசத்தால் இல்லை, கட்டை ஒன்றுதான் என்பதால். ஆனால் அங்கே கீழே மாட்டிக்கொண்ட ஆமை சறுக்கித் தண்ணீரில் விழுந்து அடுத்த கட்டைக்கு நீந்திப் போய்விடும். முத்துவுக்கு அடுத்த கட்டை இல்லை.

கடைசியில் அந்த வீடியோ. மகளின் பிறந்தநாளன்று எடுத்தது, 40 நொடி. "கன்னத்தைத் தடவறது." சத்தத்தோடு ஓட விட்டேன். மணி எதிரே வருகிறது, நகங்களை நடுக்குகிறது. ஒவ்வொரு தரமும் முத்து கண்ணை மூடி, தலையை உள்ளே இழுத்து, பின்னால் போகிறது. பின்னால் கண்ணாடி. வலப்பக்கம் திரும்புகிறது, மணி அங்கே வந்து நிற்கிறது. இடப்பக்கம் திரும்புகிறது, அங்கேயும். பின்னணியில் நாங்கள் சிரிக்கும் சத்தம் கேட்கிறது. என் குரல்தான் எல்லாவற்றையும்விடச் சத்தமாக இருக்கிறது. "பாரு, கொஞ்சுது பாரு" என்கிறேன்.

ஆண் ஆமை பெண்ணை இணை சேர அழைக்கும்போதும் இதே நக நடுக்கம்தான். எதிரே பெண் இல்லாமல் இன்னொரு ஆண் இருந்தால் அதே அசைவு "நான்தான் இங்கே பெரியவன்" என்று காட்டுவதாகிவிடும். குட்டிகளும் இதைச் செய்யும். இதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன், ஆனால் அந்த இரவில் எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு இன்னொரு முறை பார்த்தேன். சிரிப்பு இல்லாமல் பார்த்தால், அது துரத்தல் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இடம் போதவில்லை என்று நினைத்தோம்

இவ்வளவு பார்த்த பிறகும் உடனே பிரிக்க மனம் வரவில்லை. என் அம்மா சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, ஆனால் அந்த வார்த்தை உள்ளே இறங்கியது. "ஏம்ப்பா, கூடப் பிறந்ததுங்க. அடிச்சுக்கும், சேர்ந்துக்கும். அதுக்காகப் பிரிச்சு வைப்பாங்களா?" அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஆகவே பழியை இடத்தின் மேல் போட்டேன். ஓட்டின் நீளம் ஒவ்வொரு இரண்டரை செ.மீ.க்கும் ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீர் என்று வளர்ப்பவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆமைகள் இரண்டுக்கும் சேர்த்து அப்படிப் பார்த்தால் 370 லிட்டருக்கு மேல் வருகிறது. எங்கள் தொட்டி 200 லிட்டர். சரி, குற்றம் இங்கேதான் என்று முடிவு கட்டினேன்.

400 லிட்டர் தொட்டி வந்தது. இரண்டு மூலைகளிலும் இரண்டு மேடை, இரண்டு விளக்கு. நடுவில் பார்வையை மறைக்கிற மாதிரி பெரிய மரக்கட்டை. தீனி தனித்தனி வாளியில் கொடுத்தோம், ஏனென்றால் தொட்டிக்குள் தீனி விழும் நிமிடம்தான் கடி அதிகம் விழும். பிரிந்திருந்த 3 வாரம் முடிந்து, முத்துவின் வால் ஆறி, புதுத் தொட்டியில் இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டோம். பழைய எல்லை எதுவும் நினைவில் இருக்கக் கூடாது என்று கற்கள், கட்டை எல்லாவற்றையும் இடம் மாற்றி அடுக்கியிருந்தோம். இந்த யோசனைகள் எதையும் தப்பு என்று சொல்ல மாட்டேன். கூட்டமாக வைத்தே தீர வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு இவை உண்மையிலேயே உதவும். பெரிய குளத்தில், பெரும்பாலும் பெண் ஆமைகளாக வைத்து, அமைதியாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தொட்டியில் இரண்டு என்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான எண்ணிக்கை என்பது என் முடிவு. பலவாக இருந்தால் அதட்டல் பல பேர் மேல் பிரிந்து விழும். இரண்டு என்றால் அத்தனையும் ஒன்றின் தலையில்.

11 நாள் நன்றாக இருந்தது. நான் காலண்டரில் குறித்துவைத்தேன், அவ்வளவு நம்பிக்கை. 12-ஆம் நாள் மாலை, கூடத்தில் உட்கார்ந்திருந்த மனைவி "இங்க வாங்க" என்று கத்தினாள். தொட்டியின் அடியில் மணி முத்துவின் மேல் ஏறி, கழுத்து மடிப்பை அலகால் பிடித்திருந்தது. முத்துவின் முன்னங்கால்கள் தண்ணீரைத் தள்ளுகின்றன, மேலே வர முடியவில்லை. மூக்கிலிருந்து சின்னச் சின்னக் குமிழியாகக் காற்று போகிறது. ஆமை தண்ணீரில்தானே வாழ்கிறது, அதற்கு என்ன என்று நினைப்பவர்கள் உண்டு. அது மூச்சு விடுவது காற்றில்தான். அடியில் அமுக்கிப் பிடித்தால் முங்கிச் சாகும். கையை விட்டு இரண்டையும் சேர்த்தே தூக்கினேன். வெளியே வந்தும் மணி விடவில்லை. இழுத்தால் சதை பிய்ந்துவிடும் என்பதால் இழுக்கவில்லை, இரண்டையும் ஒரு வாளித் தண்ணீரில் அப்படியே மெல்ல இறக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. விட்டது.

அந்த நேரத்தில் என் மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பழைய தொட்டியை வைத்திருந்த இடத்துக்குப் போய், அதன் மேல் இருந்த அட்டைப் பெட்டிகளை எடுத்துக் கீழே வைக்க ஆரம்பித்தாள்.

மணியின் மேல் கோபம்

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். அதன் பிறகு ஒரு மாதம் எனக்கு மணியைப் பிடிக்கவில்லை. தீனி போடுவேன், தண்ணீர் மாற்றுவேன், விளக்கைப் போடுவேன், அவ்வளவுதான். முகத்தைப் பார்க்க மாட்டேன். "என்ன திமிர்" என்று ஒரு நாள் வாய்விட்டே சொன்னேன். முதல் 3 வருடம் பாசம் என்ற மனிதக் கதையை அதன் மேல் போர்த்தினேன், இப்போது கொடுமைக்காரன் என்ற இன்னொரு மனிதக் கதையைப் போர்த்தினேன். இரண்டிலும் ஆமை இல்லை, நான்தான் இருந்தேன். இது புரிய வைத்தது மணியேதான்.

ஆரம்பத்தில் 400 லிட்டர் தொட்டியையே நடுவில் தடுத்துப் பார்த்தோம். தடுப்பு கண்ணாடி போலத் தெளிவானது. மணி காலையிலிருந்து இரவு வரை அந்தத் தடுப்பில் மூக்கை வைத்து, முன்னங்கால்களால் பிராண்டிக்கொண்டே மேலும் கீழும் நீந்தியது. தீனியைத் தொடவில்லை. நகம் கண்ணாடியில் உரசும் அந்தச் சத்தம் இரவில் அடுத்த அறை வரை கேட்டது. அதுவும் கோபம்தான் என்று நினைத்தேன். டாக்டர் சொன்னது வேறு. இன்னொரு ஆண் கண்ணில் படுகிறவரை, அதன் வாசனை தண்ணீரில் வருகிறவரை, மணியின் உடம்பு ஓயாது. அதற்குக் கடிப்பதில் சந்தோஷம் கிடையாது, தன் இடத்தில் இன்னொருவன் இருக்கிறான் என்ற பதற்றம்தான் உண்டு. இயற்கையில் இரண்டு உரசலில் ஒன்று விலகிப் போய்விடும், விஷயம் அங்கே முடியும். இங்கே விலக வழியில்லாததால் முடியாமலே 3 வருடம் ஓடியிருக்கிறது, மணிக்கும் சேர்த்துத்தான்.

ஒளி ஊடுருவாத பலகையை வைத்தோம், கொஞ்சம் அடங்கியது. பிறகு முழுக்கத் தனித்தனி தொட்டி, தனித்தனி ஃபில்டர், தனித்தனி அறை. இரண்டாவது வாரத்தில் மணி தடுப்பைத் தேடுவதை நிறுத்தியது. தீனி விழுந்ததும் பாய்ந்து நான்கைந்து பெல்லட்டை ஒரே மூச்சில் விழுங்கும் பழக்கம் அதற்கு உண்டு, நல்ல பசி என்று பெருமையாகச் சொல்வோம். அதுவும் குறைந்தது. இப்போது ஒரு பெல்லட்டை எடுத்து, தண்ணீரில் ஊறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்கிறது. பறித்துக்கொள்ள ஆளே இல்லை என்று அதற்கும் தெரிந்துவிட்டது போல.

இந்த ஒரு மாதத்தில் வந்த யோசனைகளையும் சொல்லிவிடுகிறேன். "ஒண்ணைக் கொண்டுபோய் ஏரியில விட்டுடுங்க, நல்லா இருக்கும்" என்றார்கள். செய்யவே கூடாது. இந்த ஆமையின் பிறந்தகம் மிசிசிப்பி ஆற்றுப் படுகையும் அதைச் சுற்றிய அமெரிக்கத் தென்பகுதியும். மற்ற இடங்களில் விட்டால் அந்தந்த நீர்நிலை ஆமைகளின் வெயில் காயும் இடத்தையும் தீனியையும் பிடித்துக்கொள்கிறது. முத்துவின் முதுகில் ஏறியது போல ஊர் ஆமைகளின் முதுகிலெல்லாம் ஏறும். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் இதன் பெயர் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-இலேயே இதன் இறக்குமதியை நிறுத்தியது. "ஒரு பெண் ஆமையை வாங்கிப் போடுங்க, அடங்கிடும்" என்றும் சொன்னார்கள். அடங்காது. துரத்தப்படும் ஆமை மாறும், அவ்வளவுதான்.

எந்தத் தொட்டி யாருக்கு என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது. மணி பெரியது, ஆகவே பெரிய தொட்டி அதற்கு என்பது என் கணக்கு. மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "முத்துவுக்கு இதுவரைக்கும் ஒண்ணுமே கிடைக்கல, அதுக்குத்தான் பெருசு" என்றாள். லிட்டர் கணக்கெல்லாம் சொல்லிப் பார்த்தேன். 200 லிட்டர் 13 செ.மீ. மணிக்கு இப்போதைக்குச் சரியாகவே இருக்கிறது, அது வளர வளரப் பெரிது வாங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே இப்போது 400 லிட்டர் முத்துவுடையது.

தனிமை என்ற கவலை

"தனியா இருக்கே" என்பதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. தாய் ஆமை மண்ணைத் தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும், திரும்பி வராது. குஞ்சுகள் தாமாக வெளியே வந்து தண்ணீரைத் தேடிப் போகும். அங்கே தாயும் இல்லை, கூடப் பிறந்தது என்ற கணக்கும் இல்லை. வெயிலும் தீனியும் இருக்கும் இடத்தில் பல ஆமைகள் சேரும், தேவை முடிந்தால் கலையும். நமக்குத் துணை இல்லாவிட்டால் ஏங்குகிறோம், அந்த ஏக்கத்தைத் தொட்டிக்குள்ளும் பார்க்கிறோம். அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "சரிப்பா, ஆனா மனசு கேக்கல" என்றார். என் மனசும் சில நாள் கேட்கவில்லை. வெற்று மேடையில் ஒற்றை ஆமையைப் பார்க்கும்போது கை தானாக இன்னொன்றைத் தேடியது.

பிரித்த 2 மாதத்தில் முத்துவின் ஓட்டில் ஒரு மாற்றம் வந்தது. வளரும்போது ஓட்டின் மேல் தகடுகள் மெல்லிசாக உரிந்து புதுசு வரும். மணிக்கு அப்படி உரிந்து பார்த்திருக்கிறோம். முத்துவுக்கு உரியாமலே ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, மங்கி, பாசி படிந்து கிடந்தது. நன்றாக உலர்ந்து காய்ந்தால்தானே உரியும்? ஒரு காலை தண்ணீரின் மேல் கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு துண்டு மிதந்தது. மகள் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடித்தாள் போல இருந்தது, அதில் வளையம் வளையமாகக் கோடுகள். அது உரிந்த இடத்தில் முத்துவின் முதுகு பளபளவென்று பச்சையாக இருந்தது, வந்த புதிதில் இருந்த பச்சை. கடைசியாக எடை போட்டபோது 265 கிராம்.

அதற்குப் பிறகு ஒரு மதியம், நான் வேலையில் இருந்தபோது மகள் உள்ளறையிலிருந்து ஓடிவந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. "அப்பா, முத்து செத்துப்போச்சு போல இருக்கு." எழுந்து ஓடினேன். முத்து மேடையின் நட்டநடுவில், விளக்குக்கு நேர் கீழே கிடந்தது. கழுத்து முழுக்க வெளியே நீண்டு, தாடை கட்டையின் மேல் சாய்ந்திருந்தது. முன்னங்கால்கள் இரண்டு பக்கமும் தொங்கின. பின்னங்கால்கள் இரண்டும் பின்னால் நேராக நீண்டு, தரையைத் தொடாமல் தூக்கியபடி, விரல்கள் ஐந்தும் அகல விரிந்து, நடுவில் இருந்த சவ்வு வெளிச்சத்தில் மஞ்சளாகத் தெரிந்தது. ஒரு காலின் சவ்வில் அந்தப் பழைய கிழிசல், ஓரம் ஆறி ஒட்டியிருந்தது. 3 வருடத்தில் முத்துவின் கால் இப்படி நீண்டு நாங்கள் பார்த்ததே இல்லை, அதனால்தான் அவள் பயந்துபோனாள்.

"சாகல. வெயில் காயுது" என்றேன்.

அவள் கண்ணாடியைத் தட்டப் போய், கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்தோம். முத்து ஒரு கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தது. காலை உள்ளே இழுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டது.